சைக்ளோகிராஸ் போட்டியை நேரில் பார்க்கப் போனால் எங்கே நிற்பது?

வாசகர் கேள்வி: அக்டோபர் 5

என் தங்கை மகள் இந்தப் பருவத்தில் முதல் முறையாக சைக்ளோகிராஸ் (சேறு, புல், மணல் என்று ஒரே பாதையைச் சுற்றிச் சுற்றி ஓட்டும் சைக்கிள் போட்டி) ஓட்டப் போகிறாள். எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள இன்று ஒரு உள்ளூர்ப் போட்டிக்குப் போய் வந்தேன். முதல் பத்து நிமிடம் நன்றாக இருந்தது. அப்புறம் யார் முன்னால், யார் பின்னால் என்றே புரியவில்லை. எல்லோரும் ஒரே சேற்று நிறத்தில் வந்து வந்து போனார்கள். இதைத் திரையிலேயே பார்த்துவிடலாம் என்பது என் கருத்து. இல்லை, நேரில் பார்ப்பதில் ஏதோ இருக்கிறது என்கிறவர்கள் எங்கே நின்று எதைப் பார்ப்பது என்று சொல்லுங்கள்.

பதில்: அக்டோபர் 5, இரவு

திரையில் முதல் ஐந்து பேரைத்தான் காட்டுவார்கள். மீதிப் பேரை நேரில் போனால்தான் பார்க்க முடியும். நான் போவது அவர்களுக்காகத்தான்.

சாலைப் போட்டி என்றால் ஓரத்தில் மணிக்கணக்கில் காத்திருப்போம், மொத்தக் கூட்டமும் அரை நிமிடத்தில் கடந்துவிடும். இதில் அப்படி இல்லை. ஒரு சுற்று 2.5 முதல் 3.5 கிலோமீட்டர்தான். நாடா கட்டி, ஒரே மைதானத்துக்குள் மடக்கி மடக்கி விட்டிருப்பார்கள். ஒரு சுற்றுக்கு ஏழெட்டு நிமிடம் ஆகும். பாதை மடங்கித் திரும்பும் இடமாகப் பார்த்து நின்றால் ஒரே ஆளை ஒரு சுற்றில் மூன்று தடவை பார்க்கலாம்.

எங்கே நிற்பது? தடைப் பலகைகள் இருக்கும் இடம். இரண்டு பலகைகள், 40 சென்டிமீட்டருக்கு மேல் உயரம் போகக் கூடாது, நடுவில் 4 முதல் 6 மீட்டர் இடைவெளி. ஓட்டி வருகிறவர் ஓடும் சைக்கிளிலிருந்தே இறங்கி, அதைத் தூக்கிக்கொண்டு இரண்டையும் தாண்டி, நிற்காமல் மறுபடி ஏறுவார். அங்கே போய் நில்லுங்கள்.

அக்டோபர் 6, காலை

நேற்று எழுதியதைத் திருத்துகிறேன். தடைப் பலகையில் நிற்காதீர்கள். முதல் சுற்றுக்கு மட்டும் நில்லுங்கள், போதும்.

ராத்திரி படுத்த பிறகுதான் யோசித்தேன். நான் பார்த்த போட்டிகளில் பலகையில் நடந்தது என்று எனக்கு எதுவுமே நினைவில்லை. படம் எடுக்க அது நல்ல இடம். ஆனால் அங்கே எல்லோரும் செய்வது ஒன்றுதான். இடது பக்கமாக இறங்குகிறார்கள் (சங்கிலியும் பற்சக்கரமும் வலது பக்கம் இருப்பதால் எல்லோருக்கும் இடது பக்கம்தான்), தாண்டுகிறார்கள், ஏறுகிறார்கள். ஒவ்வொருவரும் வேறு வேறு முடிவு எடுக்கிற இடமாகப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் சரிந்த புல்மேடு, மணல், சேற்று வளைவு, ஓட்டுவதா இறங்கி ஓடுவதா என்று இரண்டு மனசாக இருக்கிற ஏற்றம். இதில் ஏதாவது ஒன்றின் நடுவில் அல்ல, அது முடிகிற இடத்தில் நில்லுங்கள். உள்ளே எடுத்த முடிவின் பலன் வெளியே வரும்போதுதான் தெரியும்.

அக்டோபர் 12, இரவு

இன்று போய்விட்டு வந்தேன். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன்.

சரிவு ஒன்று. பாதை மேட்டின் குறுக்கே போகிறது, தரை வலமிருந்து இடமாகச் சாய்ந்திருக்கிறது. காலையில் பனி, அதன்மேல் முந்தின பிரிவுகளில் ஓட்டியவர்கள் போட்ட தடம். நான் சரிவு முடிந்து பாதை இடது பக்கம் திரும்புகிற முனையில் நின்றேன். முதல் சுற்றில் இருபது பேர் போன பிறகு பச்சைச் சட்டை போட்ட ஒரு அம்மா வந்தார். ஐம்பது வயதிருக்கும். மேல் தடத்தைப் பிடித்தார், பின் சக்கரம் வழுக்கி, புல்லோடு புல்லாகக் கீழே நாடா வரை சறுக்கி வந்தார். எழுந்தார், ஏறினார், போனார்.

இரண்டாவது சுற்றில் சரிவுக்கு முன்பே இறங்கிவிட்டார். சைக்கிளைக் கீழ்ப்பக்கம் வைத்துத் தள்ளிக்கொண்டே ஓடினார். விழவில்லை. ஆனால் நீலச் சட்டைக்காரர் ஒருவர் ஓட்டியே கடந்து இவரை முந்திப் போனார்.

மூன்றாவது சுற்றில் நடுத் தடம். பாதி வரை வந்தது, அப்புறம் கால் ஊன்ற வேண்டியிருந்தது.

நான்காவது சுற்றில்தான் நான் வாய் பிளந்து நின்றேன். யாருமே தொடாத கீழ் ஓரம், நாடாவை ஒட்டி. அங்கே புல் இன்னும் மிதிபடாமல் இருந்தது, பிடி இருந்தது. இடது காலைப் பெடலிலிருந்து எடுத்து, தரையை உரசுகிற மாதிரி தொங்கவிட்டுக்கொண்டு, பிரேக்கைத் தொடாமல் வந்தார். என் முனையில் திரும்பும்போது நீலச் சட்டைக்கும் அவருக்கும் இரண்டு சைக்கிள் நீளம்தான் இருந்தது. அடுத்த சுற்றில் முந்தினார். முன்னால் யார் ஜெயித்தார் என்று வீட்டுக்கு வரும்வரை எனக்குத் தெரியாது. நான் பார்த்தது இருபத்தொன்றாம் இடத்துக்கான போட்டி. அது அவ்வளவு நன்றாக இருந்தது.

கேள்வி கேட்டவருக்கு: 'யார் முன்னால் யார் பின்னால்' என்று தெரியவில்லை என்றீர்கள். மொத்தக் கூட்டத்தையும் பார்க்க முயன்றால் யாருக்கும் தெரியாது. நடுவில் வருகிற ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். மூன்றே பேர். மீதியைப் பற்றிக் கவலை வேண்டாம்.

அக்டோபர் 13

ஒருவர் கேட்டிருந்தார்: மொத்தம் எத்தனை சுற்று என்று எப்படித் தெரியும்?

தொடங்கும்போது யாருக்கும் தெரியாது. போட்டி நேரத்தை வைத்து நடக்கிறது. சர்வதேச அளவில் ஆண்களுக்குக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம், பெண்களுக்கு 50 நிமிடம், ஜூனியர்களுக்கு 40. முன்னால் போகிறவர் முதல் சுற்றுகளை எவ்வளவு நேரத்தில் முடிக்கிறார் என்று பார்த்து, மீதி எத்தனை சுற்று என்று கணக்குப் போட்டு, முடிவுக்கோட்டில் எண் வைப்பார்கள். கடைசிச் சுற்றுக்கு மணி அடிப்பார்கள். பெரிய போட்டிகளில் மிகவும் பின்தங்கியவர்களை, முன்னால் வருகிறவர் பிடிப்பதற்குள் வெளியே எடுத்துவிடுவார்கள். முதல் ஆளின் முதல் சுற்று நேரத்தில் 80 சதவீதம் அளவுக்குப் பின்தங்கினால் எடுத்துவிடுவார்கள். உள்ளூரில் பெரும்பாலும் அப்படி யாரையும் எடுப்பதில்லை, முதல் ஆள் முடித்ததும் அவரவர் இருக்கிற சுற்றோடு முடித்துக்கொள்வார்கள். நான் உள்ளூர்ப் போட்டியை விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அக்டோபர் 19, மாலை

கத்துவது பற்றி. இது எனக்கு மனசில் உறுத்திக்கொண்டே இருந்த விஷயம், எழுதிவிடுகிறேன்.

போன பருவத்தில் ஒரு பையன், பதினேழு வயதிருக்கும், ஏற்றத்தில் திணறிக்கொண்டு வந்தான். "இன்னும் கொஞ்சம்தான், கொஞ்சம்தான்!" என்று கத்தினேன். நல்ல எண்ணத்தில்தான். ஆனால் அவனுக்கு இன்னும் இரண்டு சுற்று இருந்தது. அவன் அது கடைசிச் சுற்று என்று நினைத்து, மிச்சம் வைத்திருந்த பலத்தையெல்லாம் அங்கேயே கொட்டிவிட்டான். முடிவுக்கோட்டில் மணியும் அடிக்கவில்லை, எண் 2 என்று இருந்தது. போட்டி முடிந்து அவனே வந்து சொன்னான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். அன்றிலிருந்து அந்த வார்த்தையை மைதானத்தில் நான் சொல்வதில்லை.

அவனிடமே கேட்டேன், என்ன சொன்னால் உதவும் என்று. "முன்னால் இருக்கிறவருக்கும் எனக்கும் எத்தனை விநாடி, அதை மட்டும் சொல்லுங்கள்" என்றான்.

அதனால் இப்போது கடிகாரம் வைத்துக்கொள்கிறேன். ஒரு மரத்தையோ கம்பத்தையோ குறித்துக்கொண்டு, முன்னவர் அதைத் தாண்டும்போது எண்ணத் தொடங்குவது. "எட்டு!" என்று கத்துவேன். அடுத்த சுற்றில் "ஆறு!" அந்த ஆறு காதில் விழுந்ததும் முதுகு கொஞ்சம் தாழ்ந்து கைகள் இறுகுவதைக் கண்ணால் பார்க்கலாம். இன்னொன்று, தொடக்கப் பட்டியலில் எண்ணும் பெயரும் இருக்கும். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். கடைசி இடத்தில் வருகிறவரைத் தன் பெயர் சொல்லி முன்பின் தெரியாத ஒருவர் அழைத்தால், சேற்றுக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு வரும் பாருங்கள்.

அக்டோபர் 20

ஓட்டுகிறவர்களை உற்சாகப்படுத்த ஆட்டுகிற கழுத்து மணி வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாட்டுக் கழுத்தில் கட்டுகிற அதே மணிதான். கொண்டு வாருங்கள், ஆனால் யார் காதுக்கும் பக்கத்தில் வைத்து ஆட்டாதீர்கள். நாய்களும் குழந்தைகளும் நிற்கிற இடம்.

நவம்பர் 2, இரவு

இன்று பார்வையாளனாகப் போய் பிட்டில் வேலை செய்துவிட்டு வந்தேன். பக்கத்தில் நின்றவர் ஒரு சைக்கிளை என் கையில் கொடுத்து, "அவர் வந்து கேட்டால் இதை நீட்டுங்கள், பழையதை வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு, இன்னொரு ஆளுக்குச் சக்கரம் எடுத்துவரப் போய்விட்டார்.

பிட் என்பது பாதையோடு ஒட்டிய தனி வழி. சைக்கிளையோ சக்கரத்தையோ மாற்றுவது அங்கே மட்டும்தான். ஒரு சுற்றில் இரண்டு முறை அதன் பக்கம் வருகிற மாதிரிதான் பெரும்பாலும் பாதை போடுவார்கள். பிட்டின் முடிவைத் தாண்டிவிட்டால் திரும்பி வர முடியாது. அடுத்த தடவை வரும்வரை உடைந்த சைக்கிளோடு ஓட வேண்டும். சேறு அதிகமான நாளில் பெரிய போட்டியாளர்கள் அரைச் சுற்றுக்கு ஒரு முறை சைக்கிள் மாற்றுவார்கள். அவர்கள் ஓட்டுகிற நேரத்தில் பழையதைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, சங்கிலிக்கு எண்ணெய் போட்டுத் தயாராக வைத்திருப்பார்கள். உள்ளூரில் பலருக்கு ஒரே சைக்கிள்தான். அதில் புல்லும் சேறும் சேர்ந்து பின் கியர் மாற்றியில் சுற்றிக்கொண்டால் கதை முடிந்தது.

இன்று ஒருவருக்கு அதுதான் நடந்தது. பிட்டிலிருந்து எட்டிப் பார்த்தால் எதிர்ப்பக்கம் தெரிகிறார். கியர் மாற்றி முறிந்து சங்கிலியில் தொங்குகிறது. சைக்கிளை வலது தோளில் போட்டார், இடது கையை வீசிக்கொண்டு ஓடத் தொடங்கினார். ஏறத்தாழ அரைச் சுற்று. மேட்டில் ஏறினார், பலகைகளைத் தாண்டினார், சரிவில் குறுக்கே ஓடினார். அவருக்கு மாற்றுச் சைக்கிள் கிடையாது. பிட்டுக்குள் வந்ததும் அவரோடு போட்டி போடுகிற இன்னொருவரின் மனைவி தன் கணவருக்காக வைத்திருந்த சைக்கிளை நீட்டினார். இருக்கை உயரம் சரியில்லை, முட்டி மார்பில் இடிக்கிற மாதிரி இருந்தது. அதிலேயே முடித்தார்.

நான் கையில் வைத்திருந்த சைக்கிளை யாரும் கேட்கவே இல்லை. நாற்பது நிமிடமும் அதைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சுற்றும் அவர் முகத்தைப் பார்த்தேன், இப்போது கேட்பாரா இப்போது கேட்பாரா என்று. ஒரு போட்டியை இவ்வளவு உன்னிப்பாக நான் பார்த்ததே இல்லை. கேள்வி கேட்டவரே, உங்கள் தங்கை மகளுக்கு பிட்டில் ஆள் வேண்டியிருக்கும். நீங்களே நில்லுங்கள்.

நவம்பர் 4

சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஓடுவது எதற்கு, அது சைக்கிள் போட்டியா ஓட்டப் போட்டியா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான்.

இது பிறந்ததே அப்படி. சாலைப் போட்டிகள் முடிந்த குளிர்காலத்தில், உடம்பு கெடாமல் இருக்க வயலிலும் காட்டிலும் குறுக்கு வழியாக ஓட்டத் தொடங்கினார்கள். ஓட்ட முடியாத இடத்தில் தூக்கிக்கொண்டு ஓடினால் உடம்புச் சூடும் குறையாது. பிரான்சில் 1902-இல் டேனியல் கூசோ முதல் தேசியப் போட்டியை நடத்தினார். 1910-இல் டூர் டி பிரான்ஸ் என்ற பெரிய சாலைப் போட்டியை ஜெயித்த ஆக்டாவ் லாபிஸ், தன் வெற்றிக்குக் குளிர்காலத்தில் செய்த இந்தப் பயிற்சியைக் காரணமாகச் சொன்னதாகச் சொல்வார்கள். அதன்பிறகு மற்றவர்களும் கவனிக்க ஆரம்பித்தார்கள். முதல் உலகப் போட்டி 1950-இல் பாரிசில். ஜெயித்தவர் ஜான் ரோபிக், மூன்று வருடம் முன்பு டூர் டி பிரான்ஸ் ஜெயித்தவர்.

பெண்களுக்கு உலகப் போட்டி வந்தது 2000-இல்தான். முதல் பட்டம் ஜெர்மனியின் ஹங்கா குப்ஃபர்நாகலுக்கு. ஜூனியர் பெண்களுக்குத் தனி உலகப் பட்டம் 2020-இல். ஆண்களுக்கு வந்து எழுபது வருடம் கழித்து! உங்கள் தங்கை மகள் ஓட்டப்போகும் பிரிவுக்கு இவ்வளவு சின்ன வயது என்பது எனக்கே எண்ணிப் பார்க்கும்போது உறைத்தது. அவள் நெதர்லாந்தின் மரியானா வோஸ் ஓட்டிய பழைய போட்டிகளைப் பார்க்கட்டும். எட்டு உலகப் பட்டங்கள். கடைசியாக 2022-இல், முதல் பட்டம் வாங்கி பதினாறு வருடம் கழித்து.

நவம்பர் 4, கொஞ்ச நேரம் கழித்து

பலகையைத் தாண்ட இறங்கியே ஆக வேண்டும் என்று முதல் குறிப்பில் தோன்றும்படி எழுதிவிட்டேன். கட்டாயம் இல்லை. ஓட்டியபடியே சைக்கிளோடு எகிறித் தாண்டலாம். பெல்ஜியத்தின் ஸ்வென் நைஸ் அதற்குப் பேர் போனவர், சின்ன வயதில் பி.எம்.எக்ஸ். (சின்னச் சக்கரச் சைக்கிளில் மேடுகளை எகிறித் தாண்டும் பந்தயம்) ஓட்டியவர். 2013-இல் அமெரிக்காவின் லூயிவில்லில், ஐரோப்பாவுக்கு வெளியே நடந்த முதல் உலகப் போட்டியில் பட்டம் வாங்கினார். உள்ளூரிலும் இப்போது பதினாறு வயதுப் பிள்ளைகள் சிலர் எகிறுகிறார்கள். அப்படி ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தால் பலகைக்குப் போங்கள். அக்டோபர் 6-இல் சொன்னதை அந்த அளவுக்குத் தளர்த்திக்கொள்கிறேன்.

நவம்பர் 16

இன்று மழை இல்லை, தரை கல் மாதிரி இருந்தது. சேறு இல்லாவிட்டால் அது சைக்ளோகிராஸே இல்லை என்று கொஞ்ச காலம் நானும் சொல்லித் திரிந்தேன். இன்று அதைக் கைவிட்டேன்.

காய்ந்த தரையில் யாரும் யாரையும் எளிதில் உதற முடியாது. பத்துப் பேர் ஒரே கயிற்றில் கோத்த மாதிரி வருகிறார்கள். அதனால் தொடக்கம்தான் எல்லாம். முதல் நூற்றைம்பது இருநூறு மீட்டர் அகலமாக இருக்கும், அப்புறம் முதல் வளைவில் புனல் மாதிரி சுருங்கும். முன் வரிசையில் நின்றவர் சுலபமாகத் திரும்பிப் போய்விடுவார். பின் வரிசையில் நின்றவர் அந்த வளைவில் கால் ஊன்றி நிற்க வேண்டியிருக்கும். அங்கே விட்ட இருபது விநாடியைப் பிடிக்கவே சில நாளில் முழுப் போட்டியும் போய்விடும். இன்று முதல் வளைவின் உள்பக்கம் நின்றேன். சக்கரங்கள் உரசும் சத்தம், பிரேக் கீச்சிடுவது, "உள்ளே, உள்ளே!" என்று யாரோ கத்துவது. நான்கு விநாடிதான். உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

நவம்பர் 17

நாடாவைத் தாண்டுவது பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். நாடா சுவர் இல்லை. போன வருடம் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு ஓடிப் போக, ஆள் வரவில்லை என்று நினைத்து நாடாவைத் தூக்கிக் குனிந்து நுழைந்தேன். மேட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் வேகமாக இறங்கி வந்தார். என்னைப் பார்த்து பிரேக் பிடித்ததில் அவர் வேகமெல்லாம் போனது, இரண்டு பேர் முந்திப் போனார்கள். யாருக்கும் அடி படவில்லை. ஆனால் அவர் அந்த ஏற்றத்தில் சேர்த்துவைத்ததை ஒரு விநாடியில் நான் கெடுத்தேன். கடக்கிற இடம் என்று விட்டிருப்பார்கள், அங்கே மட்டும் கடங்கள். அங்கேயும் நின்று இரண்டு பக்கமும் பாருங்கள். குடை, பைவார், கேமரா, நீட்டிய கை, எதுவும் நாடாவுக்கு உள்ளே வரக் கூடாது. விழுந்தவரைத் தூக்கிவிட மனசு துடிக்கும். அடிபட்டிருந்தால் ஓடுங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள், பின்னால் பிடித்துத் தள்ளிவிடுவது விதிப்படி கூடாது.

டிசம்பர் 1

இரண்டு வாரமாக ஒன்றும் எழுதவில்லை. காய்ச்சல். ஒரு போட்டி போய்விட்டது. அந்தப் பச்சைச் சட்டை அம்மா எத்தனையாவதாக வந்தார் என்று பட்டியலில் தேடிப் பார்த்தேன். பதினெட்டு. நான் அங்கே இல்லையே என்று வருத்தமாக இருக்கிறது.

டிசம்பர் 7, இரவு

கேள்வி கேட்டவர் கீழே எழுதியிருப்பதை இப்போதுதான் படித்தேன். தங்கை மகள் முதல் போட்டியை முடித்துவிட்டாள், மணலில் மூன்று தடவை விழுந்தாள், நீங்கள் பிட்டில் நின்றீர்கள், ஒரு சுற்றில்கூட உட்காரத் தோன்றவில்லை! இதைப் படித்தபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லத் தெரியவில்லை.

மணல் பற்றிக் கேட்டிருக்கிறாள். நான் போட்டி ஓட்டுகிறவன் இல்லை, பல வருடம் மணல் ஓரத்தில் நின்று பார்த்தவன். விழுகிறவர்கள் பெரும்பாலும் மணலுக்குள் வந்த பிறகு கைப்பிடியைத் திருப்புகிறவர்கள். விழாமல் போகிறவர்கள் வேகத்தோடு உள்ளே நுழைகிறார்கள், உடம்பைக் கொஞ்சம் பின்னால் தள்ளி முன் சக்கரத்தை லேசாக வைக்கிறார்கள், ஏற்கெனவே விழுந்த தடத்தில் சக்கரத்தை விட்டுவிட்டு அது போகிற வழியில் போகிறார்கள், மிதிப்பதை மட்டும் நிறுத்துவதில்லை. முடியாது என்று தெரிந்தால், நிற்பதற்கு முன்பே இறங்கி ஓடுகிறார்கள். டயரில் காற்று அதிகமாக இருந்ததா என்றும் பாருங்கள். புதிதாக ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் அதிகமாகத்தான் அடித்திருப்பார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் போட்டியின் வரைபடம் வந்திருக்கிறது. மணல் குழி இருக்கிறது, அதைத் தாண்டியதும் வலது வளைவு, அங்கே ஒரு ஒற்றை மரம். நான் அந்த மரத்தடியில் நிற்பேன். அவள் எண்ணை மட்டும் எழுதுங்கள். முன்னால் போகிறவருக்கும் அவளுக்கும் எத்தனை விநாடி என்று ஒவ்வொரு சுற்றும் கத்துகிறேன்.